பனியில் டிம் பண்ணுவது யாருக்காக?

வட்டவளை தாண்டி ஹட்டனுக்கு ஏறும்போது பனி இறங்கிவிட்டால், பல சாரதிகள் உடனே ஹெட்லைட்டை பிரைட்டில் போடுகிறார்கள். வெளிச்சம் கூடினால் பாதை தெரியும் என்ற நினைப்பு. நடப்பதோ நேர்மாறு. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். உயர்ந்து பாயும் பிரைட் வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி, ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடும். டிம்மில் வெளிச்சம் தாழ்ந்து தார்மேல் விழுவதால் பாதையோரமாவது தெரியும். ஃபொக் லைட்டைத் தாழ்வாகப் பொருத்துவதும் இதற்காகவே.

ஆகவே டிம் பண்ணுவது எதிரே வருபவருக்குக் காட்டும் மரியாதை மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வண்டி விநாடிக்கு 11 மீற்றர் கடக்கிறது. கூசிய கண் தெளிய மூன்று விநாடி எடுத்தால், 33 மீற்றரை அவர் பாதை தெரியாமலே ஓட்டுகிறார். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். தடுமாறும் அந்த வண்டி உங்கள் பக்கம்தான் வரும்.

முடக்குகளில் லைட் நேரே தேயிலையில்தான் அடிக்கும். வண்டி திரும்பும்வரை பாதையைக் காட்டாது. வேகத்தை அதற்கு முன்பே குறைத்தாக வேண்டும். ஹோர்னுடன் ஒருதரம் பிரைட் அடித்துக் காட்டுவது நல்லதே. எதிர் வெளிச்சம் மேட்டில் தெரிந்ததும் டிம்முக்கு வந்துவிடுங்கள்.

என் பெரிய வருத்தம் நடந்து போகிறவர்களைப் பற்றியது. வண்டி வந்தால் டிம் பண்ணும் பலர், லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிக்கோ டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கோ பண்ணுவதில்லை. நடைபாதை இல்லாத ரோட்டில் கண் கூசினால், அடுத்த அடி கானுக்குள் விழலாம்.

டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைக்கு இரவிரவாக வான்கள் நல்லதண்ணி போகின்றன. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் முன்பக்கம் நிமிர்ந்து, டிம்மே பிரைட்போல் அடிக்கும். லைட்டைத் தாழ்த்தும் சிறு திருகு பல வாகனங்களில் உண்டு, பயன்படுத்துவோர் குறைவு. ஹலஜன் பல்புக்கென அமைந்த லைட்டில் எல்.ஈ.டி. மாட்டினாலும் வெளிச்சம் கண்டபடி சிதறும். பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டிய மேலதிகப் பொருட்களை அகற்றப் பொலிசார் 2025 ஜனவரியில் இறங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. கண்ணைப் பறிக்கும் லைட்டுகளைப் பொறுத்தவரை நான் பொலிசார் பக்கம்.

எதிரே வருபவர் டிம் பண்ணாவிட்டால் பதிலுக்குப் பிரைட் அடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, இடப்பக்க ஓரத்தைப் பார்த்துக்கொண்டே அவரைப் போகவிடுங்கள்.