நோயை மறைத்து எடுக்கும் பயணக் காப்பீடு

கோடை விடுமுறை நெருங்கும்போது, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் செல்லவிருக்கும் பெற்றோர் சிலர் எம்மிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பதுண்டு: "சர்க்கரை நோய் இல்லையென்று ஒரு சான்று தர இயலுமா, டாக்டர்?" காப்பீட்டுக் கட்டணம் குறையுமே என்பது அவர்தம் எண்ணம். அத்தகைய சான்றை நாங்கள் தருவதில்லை. இழப்பீடு கோரும் வேளையில் நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்கும். பத்தாண்டாக உட்கொள்ளும் மாத்திரையின் சீட்டு ஒன்றே பாலிசியைச் செல்லாததாக்கப் போதும்.

நோயை அறிவித்துவிட்டாலும் கவலை தீர்ந்துவிடாது. பல பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே, அதுவும் ஒரு வரம்புக்குள்ளேயே பணம் தருகின்றன. அவ்வரம்பு எவ்வளவு, முதலில் நாமே செலுத்தவேண்டிய தொகை எவ்வளவு என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுக. ஷெங்கன் விசாவுக்குரிய 30,000 யூரோ, விசாவுக்கான குறைந்தபட்சமேயன்றிச் சிகிச்சைச் செலவின் கணக்கன்று. அமெரிக்காவின் சுற்றுலா விசாவுக்கோ காப்பீடே கட்டாயமில்லை. ஆயினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் தங்கினாலே அத்தொகை கரைந்துவிடக்கூடிய நாடு அது.

இன்னொன்று: பாலிசி பெரும்பாலும் மகனின் கைப்பேசியிலேயே கிடக்கிறது. மயங்கி விழுந்தவரின் பையில் அதன் எண் இருப்பதில்லை. அச்சிட்ட தாளொன்றைக் கடவுச்சீட்டுடன் வைத்துக்கொள்க. பயணத்துக்கு இரு வாரம் முன்னரே வந்தால், மருந்துகளின் மூலப்பெயர்களுடன் சிகிச்சைச் சுருக்கம் எழுதித் தருகிறோம்.