ஜாகிர் உசேன் கெடுத்துவிட்டாராம்!

போன வியாழக்கிழமை, கம்பெனி லீவு, போசரியில் நண்பர் வீட்டில் பஜனை. முடிந்து சுண்டல் கொறித்துக் கொண்டிருந்தபோது அவர் பையன் போனில் 'தாலா மேட்ரிக்ஸ்' ஆல்பத்தைப் போட்டான். இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை. "நிறுத்துடா, பிரஸ் ஷாப்ல ஆறு நாளும் இந்தத் தும் தும்தானே கேக்கறோம்" என்றார் ஒரு மாமா. இன்னொருவர், "ஜாகிர் உசேனுக்கு ஏன் சார் இந்த வேலை? வெள்ளைக்காரனோட சேர்ந்து பாரம்பரியத்தையே கெடுத்துட்டார்" என்றார். பையன் பேசாமல் அணைத்துவிட்டான். பேஸ் கிடார் வாசிக்கிறவன். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

2000-ல் 'தப்லா பீட் சயின்ஸ்' என்ற குழு போட்ட ஆல்பம் அது. ஜாகிர் உசேன், திரிலோக் குர்து, சாரங்கி உஸ்தாத் சுல்தான் கான், கூட அன்றைய இளசுகள் டால்வின் சிங், கர்ஷ் காலே. பேஸ் கிடாரும் தயாரிப்பும் பில் லாஸ்வெல். அமெரிக்க ராக், ஜாஸ் உலகில் பழம் தின்று கொட்டை போட்டவர். சுல்தான் கானுக்கு அப்போது அறுபது வயது. அதே வருஷம் நம்ம சித்ராவோடு 'பியா பசந்தி' பாடினாரே, அவரேதான். அதை ரசித்தோம், இதில் மட்டும் கெடுத்துவிட்டாராம்!

இதில் இருப்பது டப் என்கிற சமாச்சாரம். ஜமைக்காவில் கிங் டப்பி என்று ஒருத்தர், ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்காரர். எம்ஐடிசி ஆட்களான நமக்கு உடனே பிடிக்க வேண்டிய மனுஷன். 1970-களில், பதிவான பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் நிறுத்தி, எங்கேயோ ஒரு வார்த்தையை மட்டும் எதிரொலியில் கரைய விட்டார். எதை எடுப்பது என்பதில்தான் வித்தையே. 1997-ல் பாப் மார்லி பாட்டுகளையே இப்படிப் பிரித்து மேய்ந்தவர் லாஸ்வெல். தப்லாவில் இடது கை வாசிக்கும் பாயான் இருக்கிறதே, அதன் உறுமலே ஒரு பேஸ்தான். அதற்கு அடியில் இவருடைய பேஸ் போய் உட்காரும்போது எது தோல், எது கம்பி என்று தெரியாது. போன் ஸ்பீக்கரில் இதெல்லாம் எங்கே கேட்கும்? தும் தும்தான் கேட்கும்.

ஆல்பம் முழுக்க அமிர்தம் என்று ஜல்லி அடிக்க மாட்டேன். சில இடங்களில் மெஷின் பீட் ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்கே கொட்டாவி வந்தது. கல்யாண ரிசப்ஷனில் ஃப்யூஷன் என்று நடக்கிற கூத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் பாரம்பரியம் என்றார்களே, அதுதான் தாங்கவில்லை. அன்றைக்குப் பாடியதில் பாதி துக்காராம் அபங்கம். மராட்டியர்கள் தஞ்சாவூரை ஆண்டதால் நம் பஜனைக்குள் வந்து சேர்ந்தது. தேஹூவும் ஆளந்தியும் இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, பாடுகிற நமக்கே அது ஞாபகம் இல்லை. ஹார்மோனியம் ஐரோப்பாச் சரக்கு. பாலுசாமி தீட்சிதர் கையில் எடுத்த வயலினும் அங்கிருந்து வந்ததுதான். மாண்டலின் சீனிவாஸ் 1995-ல் மைக்கேல் புரூக்கோடு 'டிரீம்' போட்டார், கச்சேரி கெட்டா போச்சு? ராக் டிரம்மர் மிக்கி ஹார்ட்டோடு 1991-ல் விக்கு விநாயக்ராம் 'பிளானட் டிரம்' செய்தார். கிராமி கிடைத்ததும் "நம்ம ஆளு" என்று மார்தட்டினோம்.

2000-ல் ஜாகிருக்கு 49 வயது. பேர், புகழ், தாஜ் டீ விளம்பரம், எல்லாம் இருந்தது. வாசித்ததையே வாசித்துக் கொண்டிருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். 2024 டிசம்பரில் அவர் காலமானபோது 'வாஹ் தாஜ்' வீடியோவை எல்லோருக்கும் அனுப்பியது யார் தெரியுமா? இதே மாமாதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பையனும், பக்கவாஜ் வாசிக்கிற அவனுடைய மராட்டிய நண்பனும் நம் பொங்கல் விழா மேடையில் பத்து நிமிஷம் கேட்டார்கள். "கரோக்கேல சினிமாப் பாட்டு பாடறதா இருந்தா வா" என்று பதில் வந்ததாம். அதற்கப்புறம் அவன் விழாப் பக்கமே வரவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் ஆர்வமே இல்லை என்று மேடையில் புலம்புகிறவர்களும் நாம்தான்.

அடுத்த பொங்கலுக்கு நானே போய்க் கேட்கப் போகிறேன். அதே பத்து நிமிஷம். ஸ்பீக்கர் மட்டும் நல்லதாக நான் கொண்டு வருகிறேன்.