வைஃபைக்கும் ஒரு படலை வேணும்



போன மாதம் 18ஆம் திகதியே எங்கள் வீட்டு டேட்டா முடிந்துவிட்டது. மாதம் முழுக்கக் காணும் என்று போட்ட பெக்கேஜ். வீட்டில் நாங்கள் நாலு பேர். பிள்ளைகள்தான் யூடியூப்பில் கரைத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் அவர்களுக்கு நல்ல ஏச்சு. மூன்றாம் நாள் ரவுட்டரின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் 11 போன்கள் இணைந்திருக்கின்றன. எங்களிடம் எல்லாமாக இருப்பது ஐந்து. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாய்ப் போயிற்று.

பிழை எங்களில்தான். பாஸ்வேர்ட்டாக வைத்திருந்தது எங்கள் போன் நம்பர். அதைத் தெரியாத ஆள் இந்தப் பக்கத்தில் யார்? போதாக்குறைக்கு, பெருநாளைக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைக்கு இணைப்புக் கொடுத்தோம். இப்போதைய போன்களில் பாஸ்வேர்ட்டைச் சொல்லக்கூடத் தேவையில்லை, கியூஆர் படம் ஒன்றைக் காட்டினால் அடுத்த போன் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிள்ளை ஒரு நண்பனுக்குக் காட்ட, அவன் இன்னொருவனுக்குக் காட்ட, கடைசியில் எங்கள் மதிலுக்கு வெளியே இரவில் மூன்று பேர் குந்தியிருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. காற்று வாங்குகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தோம்!

இதைச் சொன்னபோது எங்கள் நண்பர் ஒருவர் சிரித்தார். "என்ன சேர், பக்கத்து வீட்டான் கொஞ்சம் பார்த்தா குறைஞ்சா போயிடும்? ஆணம் காச்சினா தண்ணியக் கூட்டி அயலவனுக்கும் குடுக்கச் சொன்ன மார்க்கம்தானே எங்கட?"

நல்ல கேள்வி. அந்த நபிமொழியை நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள்தான். ஆனால் டேட்டாவில் தண்ணீர் கூட்ட முடியாதே. அதைவிடப் பெரிய விஷயம், அயலவனுக்கு ஆணம் கொடுப்பது வேறு, எங்கள் குசினிக்குள் அவன் சொல்லாமல் புகுந்து சட்டியைத் திறப்பது வேறு. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைய முன்னர் ஸலாம் சொல்லி அனுமதி கேட்கச் சொன்னதும் அதே மார்க்கம்தான்.

டேட்டா போனது காசு நட்டம். ரீலோட் போட்டால் சரி. எங்களுக்குப் பயம் வந்தது வேறு காரணத்தால்.

2008 ஜூலை 26 அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன பொலிஸார் போய் நின்றது நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. அவர் வீட்டு வைஃபைக்குப் பூட்டு இல்லை, அவ்வளவுதான். யாரோ அதற்குள் புகுந்து அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். விசாரணை, கணினிகளைப் பரிசோதித்தது என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு அவருக்குத் தொடர்பில்லை என்று ஆனது. அடுத்த மாதங்களில் வந்த மின்னஞ்சல்களும் மும்பையில் இப்படி மற்றவர்களின் வைஃபை வழியாகவே போயின. 2009 தொடக்கத்தில் பூட்டாத வைஃபை எங்கே இருக்கிறது என்று மும்பைப் பொலிஸாரே தேடித் திரிய வேண்டி வந்தது.

அவர் ஓர் அமெரிக்கர். எங்கள் வாசலில் வந்து நின்றால்?

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் ஆட்களின் வீடுகளில் என்னென்ன தேடினார்கள் என்பதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பை உடுத்ததற்காக ஒரு பெண்ணை ஹசலக்க பொலிஸார் கைது செய்த காலம் அது. இப்போது 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. யாரோ ஒரு பொடியன் எங்கள் இணைப்பில் இருந்து போலிக் கணக்கில் எதையாவது எழுதினால், எந்த இணைப்பு என்று கம்பனியிடம் கேட்பார்கள். வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் வெளியே ஒரே முகவரியில்தான் தெரியும். கம்பனியின் பதிவில் இருப்பது எழுதியவன் பெயர் இல்லை, பில் கட்டுகிறவர் பெயர். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஒரு ஆயுளின் பாதியைக் கழித்து, திரும்பி வந்து ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டிய வீடுகள் இவை. "அது நாங்கள் இல்லை" என்று நிரூபித்துக்கொண்டு திரிய எங்களில் எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது?

சட்டம் எங்கள் பக்கமும் இருக்கிறதுதான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் மற்றவர் கணினிக்குள் நுழைவதற்கு ஐந்து வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். ரவுட்டரும் ஒரு கணினிதான். சிங்கப்பூரில் அயல் வீட்டு வைஃபையைப் பாவித்த 17 வயது மாணவன் மீது 2006இல் வழக்கே போட்டார்கள். நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணித்தியாலச் சமூக சேவையும் தீர்ப்பு. நாங்கள் படிப்பிக்கிற பிள்ளையைப் பொலிஸில் கொண்டுபோய் நிறுத்துவோமா? மாட்டோம். அதனால் பூட்டை நாங்களே போட வேண்டும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், அதை பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம். முதலில் மாற்ற வேண்டியது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, இந்த உட்பக்கத்தின் பாஸ்வேர்ட். பலர் அதை 'அட்மின்' என்றே விட்டிருப்பார்கள். பிறகு வைஃபை பாஸ்வேர்ட்: போன் நம்பர், பிள்ளையின் பெயர், பிறந்த வருடம் ஒன்றும் வேண்டாம். சம்பந்தமில்லாத நாலு சொல்லைச் சேர்த்து நீளமாக வையுங்கள். பாதுகாப்பு வகை என்று கேட்கும் இடத்தில் டபிள்யூபிஏ 2 அல்லது 3. டபிள்யூஇபி என்று இருந்தால் பூட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை, அதை இலகுவாகக் கண்டுபிடிப்பார்கள்.

டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்திவிடுங்கள். இது ஒரு நல்ல கணக்கு, வகுப்பிலும் சொல்லலாம். அதன் இரகசிய எண் எட்டு இலக்கம், பார்த்தால் பத்துக் கோடி வாய்ப்பு. ஆனால் முதல் நாலு இலக்கம் சரியா என்பதை ரவுட்டர் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். அது 10,000. மிச்ச நாலில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, ஆகவே அது 1,000. மொத்தம் 11,000 தடவைதான். 2011 டிசம்பரிலேயே இது வெளிவந்துவிட்டது.

இவ்வளவும் செய்து முடித்த இரவு மதிலடியில் ஒருவரும் இல்லை. சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு, அந்த மூவரில் ஒருவன் வகுப்பில் ஒப்படை கொடுக்கவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். மற்ற இருவரும் கேம் விளையாடியிருக்கிறார்கள். இவன் ஓ/எல் பாஸ்ட் பேப்பர் இறக்கியிருக்கிறான். வீட்டில் இருப்பது உம்மாவின் ஒரு போன், அதற்கும் எப்போதாவதுதான் ரீலோட். கொவிட் காலத்தில் சூம் வகுப்பு என்று சொல்லி எத்தனை பிள்ளைகளை இப்படி விட்டுவிட்டோம் என்பது ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணறு தெரியும்தானே. யாருக்கு எத்தனை பங்கு, எந்த வழியால் வந்து அள்ளுவது என்று உறுதியிலேயே எழுதியிருக்கும். ஒருவரும் இரவில் வேலி பாய்ந்து தண்ணீர் அள்ளுவதில்லை, ஒருவரும் தாகத்தோடு இருப்பதுமில்லை.

ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் வருகிறவர் எங்கள் வீட்டுக் கணினிக்குள் எட்டிப்பார்க்க முடியாது. எங்கள் ரவுட்டரில் நேரமும் குறிக்கலாம். அப்போதும் பொறுப்பு எங்கள் தலையில்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் யார் பாவிக்கிறார்கள் என்பது தெரியும், பாஸ்வேர்ட் மாதாமாதம் மாறும், பெற்றோருக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை. அதற்கு மகள் வைத்த பெயர் 'பங்குக் கிணறு'.

அஸர் முடிந்ததில் இருந்து இஷா வரை திறந்திருக்கும். மதிலடியில் குந்த வேண்டாம், விறாந்தையில் கதிரை இருக்கிறது. கேட்க வெட்கப்படும் பிள்ளைகளின் உம்மா வாப்பா எங்களுக்கு இன்பொக்ஸில் ஒரு சொல் போட்டாலும் போதும்.