பாட்டில் மாவும் பாம்பன் காற்றும்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் தவறாமல் நின்று செல்ஃபி எடுக்கும் இடம், அந்தப் பாழடைந்த தேவாலயம். 1964 டிசம்பர் புயலில் கூரை போனது. பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அதே கரையில் போன தலைமுறையில் எழும்பிய கான்கிரீட் வீடுகளைப் பாருங்கள். சன்ஷேடு பிளந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கும்.

கொத்தனாரை மட்டும் திட்டிப் பயனில்லை. இது இரும்பைத் தின்னும் காற்று. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் அரிமானச் சோதனைக்கென்றே ஓர் இடம் வைத்திருக்கிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். மீனவர் வீட்டுக்கு அது கட்டுப்படியாகுமா?

ஜன்னல் ஜாலி, சாக்கடை மூடி போன்ற சின்னச் சாமான்களில் கம்பியே இல்லாமல் கண்ணாடி இழை கலந்த சிமெண்டைப் பயன்படுத்தலாம். துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. சிமெண்டில் இருக்கும் காரம், சாதாரணக் கண்ணாடி இழையை அரித்துவிடும். அதைத் தாங்கத்தான் சிர்கோனியா சேர்த்த இழை வந்தது; 1960களில் பிரிட்டனில் மஜும்தார் என்ற விஞ்ஞானியின் ஆய்வில் பிறந்தது. சிர்கோனியாவுக்கான சிர்கான் நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலேயே கிடைக்கிறது!

இங்கேதான் குப்பைப் பாட்டில் வருகிறது. பாட்டிலைச் சிமெண்டைப்போல் நைசாக அரைத்து, சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கலந்தால், அது சிமெண்டில் மிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுகிறது. இழையின் எதிரி குறைகிறது. துளைகள் அடைபடுவதால் உப்பும் தாமதமாகவே உள்ளே போகும். ஆனால் சுத்தியலால் உடைத்துச் சில்லாகப் போட்டால் கதை தலைகீழ். சில்லைச் சுற்றி ஒரு பசை உருவாகி, ஈரத்தைக் குடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? பாட்டிலை நன்றாகக் கழுவவும் வேண்டும்; ஒட்டியிருக்கும் சர்க்கரை சிமெண்டை இறுக விடாது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் இரண்டு சிறு பாலங்களையே இப்படிக் கட்டியிருக்கிறது. சிமெண்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கண்ணாடி மாவு. சுமார் 70,000 ஒயின் பாட்டில்களுக்குச் சமம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பக்கத்துத் தூத்துக்குடி அனல் மின் நிலையத்துச் சாம்பலும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும்; அதை அரைக்கும் செலவும் இல்லை. ஆகவே, ஊர் ஊராகப் பாட்டில் தேடி இயந்திரம் வாங்குவது வெட்டி வேலை. ராமேஸ்வரத்தின் கணக்கு வேறு. தீவுக்குள் சிமெண்ட் மூட்டை பாலம் தாண்டி வருகிறது. யாத்ரீகர்கள் விட்டுப்போகும் பாட்டில்கள் இங்கேயே கிடக்கின்றன. உடைந்தால் கரைவலை இழுப்பவர் காலைத்தான் கிழிக்கும். நீலகிரியில் 2022ல் தொடங்கியதுபோல, காலி மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தந்தால் முழுசாகவே வந்து சேரும்.

வீட்டுத் தூணிலும் கூரையிலும் இதை யாரும் சொந்தமாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். நடைபாதைக் கல், சாக்கடை மூடி என்று ஆரம்பிக்கலாம். சாம்பல் கலந்த மூடி ஒன்று, பாட்டில் மாவு கலந்தது ஒன்று என அருகருகே பதித்து, நாலைந்து மழைக்காலம் விட்டுப் பார்த்தால் போதும்.