நம்மட செய்தியா, நல்ல செய்தியா?



எமது ஊரின் பெரிய வட்ஸ்அப் குழுமத்தில் இந்த வாரம் ஒரு புது விதி வந்திருக்கிறது. இனிமேல் "நம்மட" செய்தித் தளங்களின் லிங்க் மட்டும்தான் போடலாமாம். சிங்களப் பத்திரிகை, சிங்கள டீவி, வெளிநாட்டு ஊடகம் எதுவும் கூடாது. அவர்கள் எங்களைப் பற்றிப் பொய் எழுதியவர்கள், அதனால் அவர்களுடைய செய்தி எங்களுக்கு வேண்டாம் என்பது காரணம். அட்மின்மார் நல்ல நிய்யத்தோடுதான் செய்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். ஆனாலும் இந்த விதி பிழை என்றே நினைக்கிறேன். குழுமத்தில் எழுதினால் நாற்பது வொயிஸ் மெசேஜ் வந்து விழும், விடயம் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் காயம் உண்மையானது. 2019 மே 23ஆம் திகதி 'திவயின' பத்திரிகையின் முதற்பக்கத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தவ்ஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர் 4,000 சிங்கள பௌத்த தாய்மாருக்கு சிசேரியன் செய்தபோது இரகசியமாகக் கருத்தடையும் செய்துவிட்டார் என்பது செய்தி. வைத்தியரின் பெயர் அதில் இல்லை. ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓரிரு நாளில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் டாக்டர் ஷாபி கைதானார். ஜூலை 25இல்தான் பிணை கிடைத்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சிஐடியே நீதிமன்றத்தில் சொன்னது. பிறகு 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளமாக 26 இலட்சம் ரூபாய்க்கு மேல் கிடைத்தபோது, அந்தப் பணம் முழுவதையும் நாட்டுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

இதைச் சொல்லி "பார்த்தீர்களா, அவர்கள் பொய்யர்கள்" என்று முடித்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கிறோம். ஆனால் அந்தச் செய்தியில் பிழை எந்த இடத்தில் நடந்தது என்று பாருங்கள். எங்கள் மேல் வெறுப்புள்ள ஒரு நிருபரே எழுதினாலும், வேலை தெரிந்த நிருபராக இருந்தால் சில கேள்விகளைக் கேட்காமல் அதை அச்சுக்கு அனுப்பியிருக்க முடியாது. இந்த 4,000 பேரை எண்ணியது யார்? எந்தப் பதிவேட்டைப் பார்த்து எண்ணினார்கள்? சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்தியர் தனியாக நிற்பதில்லையே, மயக்க மருந்து கொடுப்பவர், தாதிமார், உதவி வைத்தியர் என்று எத்தனை பேர் பக்கத்தில் நிற்கிறார்கள், அவர்களில் ஒருவரிடமாவது பேசினார்களா? வைத்தியசாலை நிர்வாகம் என்ன சொன்னது? இவற்றில் ஒன்றுக்காவது பதில் தேடியிருந்தால் அந்தத் தலைப்பு நின்றிருக்காது. சாய்வு ஒரு பக்கம். வேலையைச் செய்யாதது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்தப் பொய்யைத் தோலுரித்தவர்கள் யார் என்பதையும் யோசியுங்கள். விசாரணை செய்து ஆதாரமில்லை என்று எழுதிய சிஐடி அதிகாரிகள் எம்மவர்கள் அல்ல. ஜூன் மாதத் தொடக்கத்திலேயே இது ஆதாரமற்ற குற்றச்சாட்டு என்று உலகத்துக்குச் சொன்னது ரொய்ட்டர்ஸ், அதுவும் எம்முடையது அல்ல. இன்றைய குழும விதி அன்று இருந்திருந்தால், டாக்டர் ஷாபிக்குச் சாதகமான அந்தச் செய்தியைக்கூட எமது குழுமத்தில் போட்டிருக்க முடியாது.

சாய்வையும் தரத்தையும் பிரித்துப் பார்ப்பது மேற்கத்தேயம் கண்டுபிடித்த ஊடகக் கல்வி என்று சிலர் நினைக்கலாம். நான் மௌலவியல்ல, வரலாறு படிப்பிக்கும் வாத்தியார். இருந்தாலும் ஹதீஸ் கலையின் வரலாற்றை வாசித்த எவருக்கும் இது தெரிந்த விடயம். ஒரு ராவியை எடைபோட முஹத்திஸ்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இவர் நேர்மையானவரா? கேட்டதைக் கேட்டபடி பாதுகாத்துச் சொல்லக்கூடியவரா? முதலாவதை அதாலத் என்றார்கள், இரண்டாவதை ழப்த் என்றார்கள். இவர் எங்கள் ஆளா என்பது அந்த இரண்டிலும் இல்லை.

இம்ரான் இப்னு ஹித்தான் என்று ஒருவர். கவாரிஜ்களில் ஒருவர். அலி (ரழி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து கவி பாடிய மனிதர். அவருடைய அறிவிப்பு ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. மறுபக்கம், எகிப்தில் காழியாக இருந்த இப்னு லஹீஆ. மதிப்புக்குரிய அறிஞர். ஆனால் அவருடைய கிரந்தங்கள் தீயில் எரிந்த பிறகு அறிவிப்புகளில் குழப்பம் வந்துவிட்டது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் பலர் அவரைப் பலவீனப்படுத்தினார்கள். அதாவது, நல்ல மனிதர், நம்மவர், ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் எடுக்க முடியாது.

இதைவிட நுணுக்கமான ஒன்றும் உண்டு. வழிதவறிய கொள்கையுடைய ஒருவர் உண்மையாளராக இருந்தால் அவருடைய அறிவிப்பை எடுக்கலாம், ஆனால் அவருடைய கொள்கைக்கே வலுச்சேர்க்கும் விடயத்தை அவர் அறிவித்தால் எடுப்பதில்லை என்று ஜூஸஜானி சொன்னதை இமாம் இப்னு ஹஜர் எடுத்துக்காட்டுகிறார். இதை அப்படியே பத்திரிகைக்குப் பொருத்திப் பாருங்கள். அரசாங்கத்தின் கையில் உள்ள பத்திரிகை அரசாங்கத்தைப் புகழ்ந்தால் இன்னொரு சாட்சியைத் தேட வேண்டும். அதே பத்திரிகை வர்த்தமானி வெளியான திகதியையோ பரீட்சை நடக்கும் திகதியையோ போட்டால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எமக்கு எதிராகவே எழுதிவந்த ஒரு பத்திரிகை ஒருநாள் எமக்குச் சாதகமான நீதிமன்றத் தீர்ப்பைப் போடுகிறதா? அது சாதாரணச் செய்தியைவிடக் கனமானது. அதே கணக்கில், எங்களுடைய தளமொன்று எங்களைப் பற்றிய நல்ல செய்தியைப் போடும்போதுதான் நாங்கள் கூடுதலாக உற்றுப்பார்க்க வேண்டும். மனது அதை நம்ப ஆசைப்படுகிறது அல்லவா?

அந்த ஆசை என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. பத்து மாதம் அந்த வேதனையில் இருந்தோம். 2021 பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, அடக்கம் செய்ய அனுமதிப்போம் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். அடுத்த சில நிமிடங்களில் ஊரெல்லாம் "அனுமதி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்". அனுமதி கிடைக்கவில்லை. அனுமதிப்போம் என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். மறுநாளே, நிபுணர் குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கத் தரப்பிலிருந்து இன்னொரு குரல் வந்தது. வர்த்தமானி 25ஆம் திகதிதான் வந்தது. ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் மார்ச் 5இல். இடைப்பட்ட அந்த நாட்களில் வைத்தியசாலையில் மௌத்தான ஒருவரின் குடும்பம், அனுமதி வந்துவிட்டது என்று நம்பி ஜனாஸாவைக் கேட்டுப் போயிருந்தால் அவர்களுடைய நிலைமை என்ன? "அனுமதிப்போம் என்றார்" என்பதற்கும் "அனுமதித்தார்கள்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இலக்கணப் பாடத்தில் மட்டும் இருக்கும் வித்தியாசமல்ல.

உயர்தர வகுப்பில் நான் செய்விக்கும் ஒரு பயிற்சியை இங்கே சொல்கிறேன், பெற்றோரும் வீட்டில் செய்து பார்க்கலாம். லேக் ஹவுஸ் நிறுவனம் 1973இல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அங்கிருந்து தினமின, டெய்லி நியூஸ், தினகரன் மூன்றும் வருகின்றன. விஜய நிறுவனத்திலிருந்து லங்காதீப, டெய்லி மிரர், தமிழ் மிரர். உபாலி நிறுவனத்தில் திவயினவும் ஐலண்டும். ஒரே முதலாளி, வேறு வேறு வாசகர்கள். ஒரே நாளில் நடந்த ஒரே சம்பவத்தை இந்த மூன்று மொழியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்ச்சொற்களுக்கு மட்டும் கீழே கோடு போடச் சொல்வேன். "நபர்", "இளைஞர்", "முஸ்லிம் இளைஞர்", "தீவிரவாதி", "சந்தேகநபர்". யார் எந்தச் சொல்லைப் போட்டார்கள், எந்த விபரத்தை ஒரு மொழியில் விட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அடுத்த பாடவேளையில் எங்களுடைய தளங்களை எடுப்போம். அப்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். பரீட்சையில் முதலிடம் வந்தால் "முஸ்லிம் மாணவி சாதனை". ஐஸ் போதைப்பொருளோடு பிடிபட்டால் "நபர் ஒருவர் கைது". சிங்கள ஊடகம் செய்வதை நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். இதனால் யாருடைய கடையும் எரியப்போவதில்லை, அதனால் இரண்டும் சமமான குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எமது ஊருக்குள் ஐஸ் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை எமது செய்தியை மட்டும் வாசித்தால் உங்களுக்குத் தெரியவராது. அதை ஆசிரியர்களிடமும் உம்மாமாரிடமும்தான் கேட்க வேண்டும்.

அல்ஜஸீராவைப் பற்றியும் கேட்பார்கள். காஸா விடயத்தில் அதன் நிருபர்கள் உயிரைக் கொடுத்துச் செய்தி தந்தார்கள், அதை யாரும் மறுக்க முடியாது. அதற்குப் பணம் கொடுப்பது கட்டார் அரசாங்கம். ஆகவே கட்டாரின் உள்வீட்டு விடயங்களுக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பீபீசிக்கும் இதே கணக்குத்தான். தெரணவின் உரிமையாளர் திலித் ஜயவீர 2024இல் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டவர் என்பது தெரிந்தால், தேர்தல் காலத்தில் அந்த அலைவரிசையை எப்படிப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

சரி, இவ்வளவு தலையிடி எதற்கு, பேசாமல் மூடிவிடலாமே என்று ஒரு சகோதரர் கேட்டார். மூட முடியாததற்கு அம்பாறைதான் காரணம். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டுக்குள் கருத்தடை மாத்திரை போட்டதாகச் சொல்லி அடித்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு சொன்னது. ஆனால் அந்த இரவு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன்பே, அம்பாறையில் 23,000 கருத்தடை மாத்திரைகளைப் பொலிஸார் பிடித்ததாக ஒரு பொய் சிங்கள பேஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரில் எல்லாருடைய தொலைபேசியிலும் இருந்த அந்தக் கதை எமது தொலைபேசிகளுக்கு வரவில்லை. ஹோட்டலில் நின்ற சகோதரருக்குச் சிங்களமும் சரியாக விளங்கவில்லை. கூட்டம் கேட்ட கேள்விக்குத் தலையாட்டினார், அந்த வீடியோதான் "ஒப்புதல்" என்று ஊர் ஊராகப் போனது.

எம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று தெரியாமல் இருப்பது எமக்குப் பாதுகாப்பல்ல. பொய் அச்சாகும்போதே தெரிந்தால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம், பொலிஸுக்குப் போகலாம், பன்சலையின் ஹாமதுருவோடு பேசலாம். மூன்றாம் நாள் எமது தளத்தில் "பேரினவாதிகளின் சதி" என்று வாசித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதால் என்ன பிரயோசனம்?

அட்மின் பிள்ளைகளுக்கு எனது கோரிக்கை இதுதான். எந்த ஊடகம் என்று பார்த்துத் தடுக்க வேண்டாம். பதிலாக மூன்று விடயங்களைக் கட்டாயமாக்குங்கள். செய்தி போடுபவர் அது எங்கே, எந்தத் திகதியில் வந்தது என்று எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போட்டால் அழித்துவிடுங்கள். உள்ளே ஒரு பெயருள்ள மனிதராவது, ஓர் ஆவணமாவது இருக்கிறதா, அல்லது "வட்டாரங்கள்" மட்டுமா என்று அவரே ஒரு வரி சொல்ல வேண்டும். முக்கியமானது கடைசி விடயம். போட்ட செய்தி பிழை என்று தெரியவந்தால், அழித்துவிட்டுச் சும்மா இருக்காமல், போட்டவரே அதே குழுமத்தில் திருத்தத்தைப் போட வேண்டும். திருத்தம் போடாத தளங்களின் பட்டியல் ஒன்றைக் குழுமத்தில் வைத்திருங்கள். ஆறு மாதத்தில் எந்தத் தளம் தரமானது என்று அந்தப் பட்டியலே காட்டிவிடும். அதில் எமது தளங்களின் பெயரும் வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

இன்னொன்று. சிங்களம் நன்றாக வாசிக்கக்கூடிய இரண்டு பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன், இருவரும் இந்த வருடம் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருப்பவர்கள். லங்காதீப, திவயின இரண்டிலும் எம்மைப் பற்றி வரும் செய்திகளைத் தினமும் சுபஹுக்குப் பிறகு ஐந்து வரியில் தமிழில் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். நல்லதும் வரும், கெட்டதும் வரும், கூட்டாமல் குறைக்காமல். குழுமத்தில் போட அட்மின்மார் அனுமதித்தால் வரும் சனிக்கிழமையே தொடங்கலாம். அனுமதி இல்லையென்றால் எனது பக்கத்திலேயே போடுகிறேன்.