குப்பைத்தொட்டியில் இருந்து எழுந்து வந்த பென்சில் ஹீரோ!

ஆபீஸில் என் வேலையில் பாதி, வீடியோ எடிட் செய்வதுதான். போன வாரம் ஒரு ரீல்ஸுக்காக ஒரு கிளிப்பை 'பென்சில் ஸ்கெட்ச்' ஃபில்டரில் போட்டேன். டீ ஆறுவதற்குள் ரெடி! பக்கத்து சீட் சீனியர் எட்டிப் பார்த்தார். "இதையே கையால வரைஞ்சு ஒரு பாட்டு எடுத்திருக்காங்க, தெரியுமா தம்பி?" என்று ஒரு யூடியூப் லிங்க்கைத் தட்டிவிட்டார். அன்று லன்ச் பிரேக் முழுக்க அந்த ஒரே பாட்டுதான். ஏழு தடவை பார்த்தேன்.

பாட்டு, 'டேக் ஆன் மீ'. வருடம் 1985. குழுவின் பெயர் 'ஆ-ஹா'. நார்வே நாட்டு இளைஞர்கள் மூன்று பேர். (ஆமாம், நாம் வாயைப் பிளந்தால் வருகிற அதே ஆஹாதான்!)

பார்க்காதவர்களுக்காகக் கதை. லண்டனில் ஒரு கஃபே. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பைக் ரேஸ் காமிக்ஸ் படிக்கிறாள். படத்தில் இருக்கும் ஹீரோ அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். பக்கத்தில் இருந்து ஒரு பென்சில் கை வெளியே நீண்டு அவளைக் கூப்பிடுகிறது. பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அந்த நேரம் பார்த்து சர்வர் அம்மா வருகிறார். ஆளைக் காணோம். காசு கொடுக்காமல் ஓடிவிட்டாள் என்ற கோபத்தில் காமிக்ஸைக் கசக்கிக் குப்பையில் போடுகிறார். உள்ளே இரண்டு முரடர்கள் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு துரத்த, ஹீரோ காகிதச் சுவரைக் கிழித்து அவளை மட்டும் வெளியே அனுப்புகிறான். கசங்கிய காமிக்ஸை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடுகிறாள். அங்கே அவன் கட்டத்தின் சுவர்களில் மோதி மோதி, பாதி படமாக, பாதி மனிதனாக... நான்கு நிமிடத்துக்குள் இவ்வளவு!

இந்த ஹீரோவாக வருபவர் குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட். அவர் குப்பைத்தொட்டியில் இருந்து எழுந்து வருவதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பாட்டின் கதையும் அதேதான்.

1984-லேயே இந்தப் பாட்டு வெளிவந்துவிட்டது. பிரிட்டனில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்கும் ஒரு வீடியோ உண்டு. நீலப் பின்னணியில் நின்று பாடுவார்கள், அவ்வளவுதான். தயாரிப்பாளரை மாற்றி, பாட்டைப் புதிதாக ரெக்கார்ட் செய்து மறுபடி விட்டார்கள். அதுவும் அங்கே போணியாகவில்லை. இத்தனைக்குப் பிறகும் அதே பாட்டுக்கு இன்னொரு வீடியோ எடுக்கப் பணம் போட்டார்களே, அந்தத் துணிச்சல்தான் எனக்கு ஆச்சர்யம்.

இயக்க வந்தவர் ஸ்டீவ் பேரன். மைக்கேல் ஜாக்சன் கால் வைக்கிற கல்லெல்லாம் விளக்காக எரியுமே, அந்த 'பில்லி ஜீன்' வீடியோவை எடுத்தவர். முதலில் நிஜ ஆட்களை வைத்துப் படம்பிடித்தார். பிறகு மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் என்ற இரண்டு ஓவியர்கள் உட்கார்ந்தார்கள். ஃபிலிமின் ஒவ்வொரு ஃபிரேமையும் காகிதத்தின் மேல் விழ வைத்து, அதன்மேல் பென்சிலால் வரைய வேண்டும். ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். சுமார் 3,000 படங்கள். ஏறக்குறைய நான்கு மாத வேலை!

அந்தக் கோடுகளைக் கவனியுங்கள். ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு படத்தில் விழுந்த கோடு அடுத்த படத்தில் அச்சாக அதே மாதிரி விழாது, கை வேலை அல்லவா? ஹீரோ சும்மா நிற்கும்போதும் மூச்சு விடுகிற மாதிரி இருப்பது அதனால்தான். என் ஃபில்டர் போட்ட கிளிப்பைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். கோடெல்லாம் சுத்தமாக இருந்தது. அதில் இருந்த ஆள்தான் பொம்மை மாதிரி தெரிந்தார்.

1985 அக்டோபரில் பாட்டு அமெரிக்காவில் நம்பர் ஒன். அடுத்த வருட எம்.டி.வி வீடியோ விருதுகளில் ஆறு விருது. ஆனால், அந்த வருடத்தின் சிறந்த வீடியோ என்ற பெரிய பரிசு மட்டும் கிடைக்கவில்லை. அதைத் தட்டிச் சென்றது டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மணி ஃபார் நத்திங்'. அதை எடுத்தவர் யார்? அதே ஸ்டீவ் பேரன்! அதில் பென்சிலே கிடையாது, கம்ப்யூட்டர் அனிமேஷன். டப்பா டப்பாவாக முகம் வைத்த இரண்டு ஆட்கள் ஃபிரிட்ஜ், டி.வி எல்லாம் சுமப்பார்கள். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். அதில் வேலை பார்த்த இயன் பியர்சனும் கேவின் பிளேரும்தான் பின்னாளில் 'ரீபூட்' என்ற கம்ப்யூட்டர் கார்ட்டூன் தொடரை உருவாக்கியவர்கள்.

கை வேலை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்', 1986. மனிதர் ஒரு கண்ணாடிப் பலகைக்கு அடியில் 16 மணி நேரம் படுத்துக் கிடந்தார். மேலே பழங்களை வைத்து, நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகக் கிளிக் செய்தார்கள். தலையில்லாத இரண்டு கோழிகள் அதில் டான்ஸ் ஆடும். உரித்த நிஜக் கோழிகள்தான்! ஆட்டிவைத்தவர் நிக் பார்க். பிற்பாடு 'வாலஸ் அண்ட் குரோமிட்' எடுத்தாரே, அவரேதான். வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். "சமைக்க வேண்டியதை வெச்சு விளையாடுறானுங்களே" என்றார்.

'டேக் ஆன் மீ' 2020-ல் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டிவிட்டது. கடைசியில் ஹீரோ சுவரோடு முட்டி மோதி, கோடெல்லாம் உதிர்ந்து, வியர்வையும் மூச்சிரைப்புமாக முழு மனிதனாக நிற்பான். அவள் அவனைப் பார்ப்பாள். பெரும்பாலானவர்கள் அதோடு சுபம் என்று மூடிவிடுகிறார்கள்.

ஆனால், 'ஆ-ஹா'வின் அடுத்த பாட்டு 'தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டி.வி'. அந்த வீடியோவின் ஆரம்பத்தில் இதே ஜோடி இரவில் வெளியே நிற்கிறது. அவன் முகத்தில் மெல்ல பென்சில் கோடுகள் திரும்ப வருகின்றன. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஓடிவிடுகிறான். நான் அதையும் ஏழு தடவை பார்த்தேன்.