முதுகில் போடும் ஊசி

எங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் இடுப்பு வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "முதுகுல ஊசி போட்டாங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். 30 வருடத்துக்கு முன்னால் பிரசவத்தில் போட்ட ஊசிக்குக்கூட இன்றைக்குப் பழி விழும். பிரசவ நேரத்தில் முதுகு வழியாக மருந்து செலுத்திக்கொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், போடாதவர்களைவிட அவர்களுக்கு நீண்டகால முதுகுவலி அதிகம் என்று தெரியவில்லை. ஊர்ப்பேச்சுக்கு அதெல்லாம் எட்டுமா?

நானும் இதைச் சிரித்துக்கொண்டு கேட்டவன்தான், பெரியக்கா விழும்வரை. 78 வயதில் குளியலறையில் வழுக்கித் தொடை எலும்பின் மேல்முனை முறிந்தது. முதுகில் ஊசி போட்டு, கீழே மரத்துப்போனதும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். "வேண்டாம்டா தம்பி, அந்த ஊசி போட்டா அப்புறம் எழுந்திருக்கவே முடியாதாம்" என்றார் அக்கா. நானும் வற்புறுத்தவில்லை. இந்த முறிவுக்கு இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது என்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்தோம். படுக்கைப்புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாவது மாதம் போய்விட்டார்.

அடுத்த வருடம் எனக்குக் குடலிறக்கம். அறுவை சிகிச்சை டாக்டரை மூன்று முறை பார்த்தேன். மயக்க டாக்டரை மேஜையில் ஏறி முதுகை வளைத்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா சார்?" என்றார். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறேன் என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. என் மகனுக்கு ஒரே கோபம், லீவு போட்டு வந்தவன்.

பிறகுதான் விளக்கினார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து அழுத்தலாம், கால் செயலிழக்கலாம். மிக அபூர்வம், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியது. அதற்காகப் பொதுவாக 5 முதல் 7 நாள் நிறுத்துவார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய டாக்டரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது முறை போட்டார்கள். சில நிமிடத்தில் கால் கனத்தது, கூடவே குமட்டல், கண் இருட்டியது. பிரஷர் இறங்கிவிட்டது. கீழ்ப்பாதியில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்தம் அங்கே தேங்கும்போது, வயதான இதயத்தால் சட்டென்று ஈடுகட்ட முடிவதில்லை. வயதானவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இதுதான். மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். எல்லாரும் பயப்படும் தலைவலி வயதானவர்களுக்குக் குறைவாகவே வரும். 1898-ல் இந்த முறையைத் தொடங்கிய ஜெர்மன் டாக்டர் பியர், தன் மேலேயே சோதித்துப் பார்த்துத் தலைவலியில் படுத்தார். அப்போது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை.

அன்று இரவு சிறுநீர் வரவில்லை. இரண்டு நாள் டியூப். புராஸ்டேட் தொல்லையை வெட்கப்பட்டு மறைத்திருந்தேன், என் தப்பு.

"அதுக்கு முழு மயக்கமே மேல்" என்பவர்களும் உண்டு. அமெரிக்கா, கனடாவில் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. 60 நாளில் இறந்தவர்கள் அல்லது துணையில்லாமல் நடக்க முடியாமல் போனவர்கள், இரண்டு முறையிலும் நூற்றுக்கு 18 பேர்தான். குழப்பநிலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே எந்த ஊசி என்பதைவிட, ஊசி போடுகிறவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும் என்பதே முக்கியம் என்பேன். அவர் முதல் நாளே நோயாளியைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் நாம் கேட்க வேண்டும். பதிலையும் பிள்ளைகள் சொல்லக் கூடாது. என் மகனுக்கு என் மாத்திரைகளில் பாதி தெரியாது.

இப்போது மாத்திரைப் பட்டியலை எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மாறும்போதெல்லாம் பேரன் திருத்துகிறான். புராஸ்டேட் மாத்திரையும் அதில் இருக்கிறது.